மற்றம்மா

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து "கலியாணம் கட்டியாச்சோ?" என்று கேட்பது மரியாதையில்லை. "உங்கடை ஆள் எங்கை?" என்றுதான் கேட்பார்கள். ஆள் என்றால் கணவர். அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது கேள்விக்கு முன்பே முடிவாகிவிடும். அவர் கொழும்பிலா, வெளிநாட்டிலா, உயிரோடு இல்லையா என்பதை மட்டும் நாங்கள் நிரப்ப வேண்டும்.

உடுவிலில் நாங்கள் இருந்த ஒழுங்கையில் அந்தக் கேள்வி வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தது. அடுத்த வீட்டு அக்கா அந்த இடைவெளிக்குள் பாதி உடம்பை நுழைத்து, மீதியைத் தன் வளவிலேயே வைத்துக்கொண்டு கதைப்பார். அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் நாளே கேட்டார்:

"உங்கடை ஆள் எங்கை, பிள்ளை?"

ஆள் என்ற சொல்லில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்பதை அந்த நிமிடத்தில் கண்டுபிடித்தேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. இப்படிப்பட்ட கண்டுபிடிப்பு ஒன்று கிடைத்தால் ஒரு நேரச் சாப்பாடு இல்லாவிட்டாலும் காரியமில்லை.

"எங்கடை ஆள் வேலையிலை, அக்கா," என்றேன். முழு உண்மை. என் ஆள் பக்கத்து அறையில் யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடைக்குக் கழுத்துப் பட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த நாட்டிலை வேலை?"

அதற்கு என்னிடம் உண்மை இருக்கவில்லை. பக்கத்து அறையில் மெசின் நின்றது.

"அவவுக்கு இன்னும் ஒண்டும் பொருந்தேல்லை, அக்கா," என்று அவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அவ என்ரை அவரின்ரை தங்கச்சி. அவர் வெளியிலை. இவ தன்ரை ரியூட்டரி வேலையைச் சொல்லுறா."

ஒரே மூச்சில் நான் அவளுக்கு மச்சாள் ஆனேன். பிள்ளைக்கு மாமி ஆனேன். ஒரு நாளும் பார்த்திராத ஒரு மனிதருக்குத் தங்கச்சியும் ஆனேன். வெளியிலை என்றால் எங்கள் பேச்சில் வெளிநாடு. பிள்ளைக்கு அது தெரியாது. "அப்பா வெளியிலை" என்றதைக் கேட்டு அவள் படலையைத் திறந்து ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து, "இல்லை," என்றாள்.

என் சொந்த ஊர் கரவெட்டி. சுன்னாகத்தில் ஒரு ரியூட்டரியில் கணிதம் படிப்பிக்க வந்து, உடுவிலில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். சில மாதங்களில் வீட்டுக்காரர் திறப்பை என்னிடம் தந்துவிட்டுக் கொழும்புக்குப் போனார்கள். தொண்ணூறாம் ஆண்டு வடக்குக் கரையிலிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்தபோது, ஊர்க்காரர் சிலர் ஒரு தாயையும் இரண்டரை வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து மற்ற அறையைத் தரமுடியுமா என்று கேட்டார்கள். தாயின் தோளில் சாக்கில் கட்டிய தையல் மெசினின் தலை. கால் பின்னால் வருகிறது என்றாள். கடைசிவரை வரவில்லை. தச்சரிடம் சொல்லிப் பழைய மேசை ஒன்றில் பூட்டிக்கொண்டோம்.

நான் தனியே இருக்கிறேன் என்று அதுவரை நித்திரை கொள்ளாதிருந்த என் அம்மாவுக்கு நிம்மதி. "நல்லதாய்ப் போச்சு. உனக்கும் துணைக்கு ஒரு ஆள்," என்றார். பின்னர் அதை நினைத்துப் பார்த்தபோது அம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை என்று தெரிந்தது.

பிள்ளை பிறக்க முன்னரே வெளிநாடு போன அவளுடைய கணவர், இரண்டாம் வருடம் எழுதிய கடிதத்தில் அங்கே வேறொருத்தியைக் கட்டிவிட்டதாகவும் தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அதை அவள் எவருக்கும் காட்டவில்லை. எனக்குக் காட்டிய அன்று, "வாசிச்ச உடனை ஒரு கனம் இறங்கின மாதிரி இருந்தது. அழவேணும் எண்டு காத்திருந்தன், வரேல்லை," என்றாள். நானும் எனக்கு வந்த மாப்பிள்ளைக் குறிப்புகளையெல்லாம் ஏன் வாசிக்காமலே மடித்து வைக்கிறேன் என்பதைச் சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் ஒரு குடும்பம். இதற்கு மேல் விளக்கம் வேண்டியவர்கள் தங்கள் வீட்டில் கணவனும் மனைவியும் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் வீட்டுக் கொடியில் ஆம்பிளைச் சாறம் காயாது, அவ்வளவுதான்.

நான் சொல் தேடுகிற ஆள். யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒரு நூலகத்தில் மருத்துவப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, எங்களுக்கு உரிய ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடித்து வந்தேன். அது நோய்களின் பட்டியலுக்குள் இருந்தது.

"மருந்து எழுதியிருக்கோ?" என்று கேட்டாள், ஊசியில் நூல் கோத்தபடி.

"இல்லை."

"அப்ப விடும்."

நாங்கள் ஒருவரையொருவர் நீர் என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் பகிடியாக, கணவரைக் கூப்பிடும் பெண்களைப்போல் இழுத்து, "இஞ்சாருங்கோ! தேத்தண்ணி ஆறுது," என்று குசினியிலிருந்து கூப்பிட்டாள். நான் எழும்பும் முன்னர் வேலிப் பொட்டில் அக்காவின் பாதி உடம்பு தோன்றியது.

"ஆள் வந்திட்டாரோ? ஒரு சத்தமும் இல்லாமல்?"

"இல்லை அக்கா. கோழியைக் கூப்பிட்டனான்," என்றாள் அவள். எங்களிடம் கோழி இல்லை. அக்கா அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பிள்ளை எனக்கு வைத்த பெயர் வேறு. அதைத் தானே கண்டுபிடித்தாள். மூன்று வயதில், காய்ச்சலில் படுத்திருந்தபோது, "அம்மா வேலையாய் இருக்கிறன், குஞ்சு, பொறு," என்று தாய் சொல்ல, "அப்ப மற்ற அம்மா வரட்டும்," என்றாள். அந்த அறையில் மற்ற அம்மா என்று சொல்லக்கூடியதாக இருந்தது நான் ஒருத்திதான். போனேன். அன்றிலிருந்து வீட்டுக்குள் நான் மற்றம்மா; பொட்டுக்கு அந்தப் பக்கம் மாமி. பிள்ளை இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லப் பழகியிருந்தாள். எப்போதும் அல்ல, பெரும்பாலும்.

தொண்ணூற்று மூன்று தையில் அவளுக்கு முதலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் சுன்னாகம் போகும் வழியில். அந்த நாட்களில் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ஒரு பகுதியைத்தான் எல்லோரும் கவனமாக நிரப்பினார்கள். குண்டுபோடப் பொம்மர் வந்தால் பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் இறக்கிவிட்டு, பதிவில் பெயர் உள்ளவர்களிடம் மட்டும்தான் ஒவ்வொருவராகக் கையளிப்பார்கள். இரண்டு பெயர் எழுதலாம். பெயருக்கு நேரே உறவுமுறை. வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்தால் அரை மணித்தியாலம். தாய்க்குச் சைக்கிள் ஓட வராது. ரியூட்டரியிலிருந்து எனக்கு மூன்று நிமிடம். ஆகவே அந்த இரண்டாவது பெயர் என்னுடையதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு கடதாசியிலாவது அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் என் பெயர் எழுதப்பட வேண்டும் என்ற ஆசை அதற்கு முந்தியே இருந்தது.

பதிவில் பெயர் ஏற வேண்டுமென்றால் உறவு பொருந்த வேண்டும். உறவுமுறை என்ற இடத்தில் மாமி என்று எழுதினேன். சேர்க்கைக்கு முதல் நாள் பின்னேரம் பிள்ளையை வாங்கில் இருத்திப் பாடமாக்கினேன்.

"இவ ஆர்?"

"மாமி."

"பெரிய ரீச்சர் கேட்டால்?"

"மாமி. ஏன் பள்ளிக்கூடத்திலையும் மாமி?"

"பள்ளிக்கூடத்திலை அப்பிடித்தான்."

என்னிடம் படித்தவர்களில் அவள்தான் கெட்டிக்காரி. கால் மணித்தியாலத்தில் ஒரு பிழையும் இல்லை. நல்ல ஆசிரியை என்ற பெருமை எனக்கு வந்தது. அதைப் பற்றி இப்போது அவ்வளவு பெருமையில்லை.

பெரிய ரீச்சர் என்ற அதிபர் ஐம்பது தாண்டிய பெண்மணி. கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். படிவத்தை வாசித்து முடித்து, நான் பாடமாக்கிய கேள்வியைக் கேட்காமல் வேறொன்றைக் கேட்டார்.

"உம்மடை அம்மா எங்கை, குஞ்சு? காட்டும் பாப்பம்."

பிள்ளை தாயைக் காட்டினாள்.

"அப்ப இவ?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். பாடம் நினைவுக்கு வருவதும் போவதும் முகத்தில் தெரிந்தது. பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு எது சரியான பெயரோ அதைச் சொன்னாள்.

"மற்றம்மா."

"ஆர்?"

"மற்ற அம்மா. எனக்கு இரண்டு அம்மா. அப்பா வெளியிலை." சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

அதிபர் பேனையை மூடினார். "குஞ்சு, அங்கை மரத்திலை மணி தொங்குது, பாத்தீரோ? போய் ஒருக்கா அடிச்சுப் பாரும்," என்று பிள்ளையை அனுப்பினார். மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. ரயில் ஓடாத ஊரில் அதற்கு வேறு வேலை கிடைத்திருந்தது. அதிபர் குரலைத் தாழ்த்தினார்.

"இதிலை ஒளிக்க என்ன இருக்கு? மாமி எண்டு ஏன் பொய் எழுதுறியள்? இரண்டு பொம்பிளையள் ஒற்றுமையாய் இருந்து ஒரு பிள்ளையை வளர்க்கினம் எண்டால் நான் கையெடுத்துக் கும்பிடுவன்."

வெளியே மணி அடித்தது. இந்த ஒழுங்கைகளில், இந்தக் கண்ணாடிக்குப் பின்னால், இப்படி ஒருவர் இருந்திருக்கிறார். இரண்டு வருடமாக ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த பிரசங்கம் ஒன்று என்னிடம் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"நீங்கள்தான் இளையதாரம், என்ன?" என்றார் அதிபர்.

மணி மறுபடியும் அடித்தது. திறந்த வாய் திறந்தபடி இருந்தது. மேசைக்குக் கீழே என் சப்பாத்தின்மேல் ஒரு செருப்பு ஏறி அழுத்தியது.

"ஓம், ரீச்சர்," என்றாள் அவள்.

"எனக்கு விளங்கும். என்ரை அப்பாவுக்கும் இரண்டு தாரம். நான் இளையவவின்ரை பிள்ளை. பள்ளிக்கூடத்திலை ஒருத்தியும் எனக்குப் பக்கத்திலை இருக்கமாட்டாளவை. ஆனால் பெரியம்மாதான் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டு அனுப்பினவ." அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உவர் இப்ப கடிதம் ஏதும் போடுறவரோ?"

"இல்லை, ரீச்சர்."

"இரண்டு பேருக்குமோ?"

"இரண்டு பேருக்கும்," என்றேன். அது உண்மைதான். ஒரு நாளும் எனக்குப் போட்டதில்லை.

அதிபர் மாமி என்ற சொல்லை ஒரு கோட்டால் வெட்டி, அதன்மேல் உருண்டையான எழுத்தில் சிறிய தாய் என்று எழுதினார். எழுத்துத் தமிழில் அதற்கு இரண்டு பொருளும் உண்டு: அம்மாவின் தங்கை, அப்பாவின் இளைய மனைவி. எதுவாக இருந்தாலும் தாய் என்ற சொல் அதற்குள் இருந்தது. அடியில் கையெழுத்து வைத்தேன்.

வீதியில் வந்ததும் சண்டை பிடித்தேன்.

"ஏன் ஓம் எண்டனீர்?"

"நீர் என்ன சொல்லப் போனீர்?"

"உள்ளதை."

"உள்ளதைச் சொன்னால் பேர் ஏறியிருக்குமோ?"

"விடை சரி. செய்கை முழுக்கப் பிழை."

"நான் கணக்கிலை எப்பவும் அப்பிடித்தான் பாஸ் பண்ணினனான்," என்றாள் அவள்.

ரியூட்டரியில் இப்படி ஒரு விடை வந்தால் நான் பாதிப் புள்ளியை வெட்டிவிடுவேன். உண்மையில் அந்த மனிதருக்கு இரண்டு மனைவிகள் இருந்தார்கள். இரண்டாவது நான் இல்லை என்பது மட்டும்தான் பிழை. இதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு சைக்கிளை உருட்டினேன். பிள்ளை முன் பாரில் இருந்து மணியடித்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த வார முடிவில் செய்தி ஒழுங்கைக்கு வந்தது. அக்காவின் பாதி உடம்பு பொட்டுக்குள் வரவில்லை. முழு உடம்பும் வந்தது.

"மச்சாள் எண்டல்லோ சொன்னியள்! நான் அப்பவே நினைச்சனான், மச்சாள்மார் ஆர் இப்பிடி ஒற்றுமையாய் இருக்கிறது எண்டு." அவளுடைய கையைப் பிடித்தார். "நீர் பெரிய மனசுக்காரி, பிள்ளை." என்னைப் பார்த்தார். என் கையைப் பிடிக்கவில்லை. "உமக்கு என்ன குறை? படிச்ச பிள்ளை. போயும் போயும் உவனிட்டையோ ஏமாந்தனீர்? உவன் மட்டும் இந்த ஒழுங்கைக்குள்ளை காலை வைக்கட்டும், விளக்குமாத்தாலை சாத்துவன்."

அதன்பின் ஒரு முகம்தெரியாத மனிதரை எங்கள் ஒழுங்கை முழுவதும் சேர்ந்து திட்டியது. ஒழுங்கைக்குள் எனக்கு மாப்பிள்ளை பேசுவது ஒரே நாளில் நின்றது. அக்காவுக்கு இரண்டு மருமகள்மார். வேலிக்கு அந்தப் பக்கம் சட்டி விழுகிற சத்தம் கேட்டால் அடுத்து அக்காவின் குரல் கேட்கும்: "அங்கை பாருங்கோடி! ஒரு மனுசன்ரை இரண்டு பெண்சாதியள் ஒரு குசினிக்குள்ளை ஒரு சத்தமில்லாமல் சமைக்கினம். நீங்கள் இரண்டு பேரும் ஒரு அகப்பைக்கு அடிபடுறியள்!"

நாங்கள் குசினிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அவள் கண்ணீர் வரச் சிரிப்பாள். எனக்குப் பாதியில் நின்றுவிடும். கோயிலில் பெண்கள் எனக்கு இடம் விட்டு நின்றார்கள். அது மரியாதைக்கு அல்ல. ரியூட்டரிக்கு வந்த இரண்டு பிள்ளைகளை, என்னிடம் படிக்க வேண்டாம் என்று வீட்டில் மறித்துவிட்டார்கள். கரவெட்டிக்குச் செய்தி போக ஒரு மாதம் எடுத்தது. தெரிந்தவர் ஒருவரிடம் அம்மா கடிதம் கொடுத்துவிட்டிருந்தார். ஒற்றை ரூல் கொப்பித் தாள், மூன்று வரி. "உனக்கு வந்த குறிப்புகளை எரித்துவிட்டேன். இனி ஒன்றும் பார்க்கமாட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சட்டை தைக்கத் துணி அனுப்புகிறேன்."

துணி நல்ல துணி. பூப்போட்ட சீத்தை. அம்மாவிடம் போய், அப்படி ஒரு மனிதன் என் வாழ்க்கையில் இல்லை என்று சொல்ல நான் இரண்டு தரம் புறப்பட்டேன். இரண்டு தரமும் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று யோசித்துத் திரும்பி வந்தேன். துணியை அவள் தைத்தாள். பிள்ளை போட்டாள்.

பொம்மர் வந்தது அதே ஆண்டில், ஒரு காலை வகுப்பின்போது. கரும்பலகையில் வட்டம் கீறிக்கொண்டிருந்த நான் சோக்கைப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். மூன்று நிமிடம் என்பது சரியான கணக்கு. பள்ளிக்கூட வாசலில் தாய்மாரும் தகப்பன்மாரும் முப்பது பேருக்கு மேல். பதுங்குகுழியின் வாயில் இளம் ஆசிரியை ஒருவர் பதிவுக் கொப்பியோடு நின்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். மேலே ஒரு சுற்று போய்விட்டது. அடுத்த சுற்று வரும்.

என் முறை வந்தது.

"உறவுமுறை?"

"சிறிய தாய்."

ஆசிரியை விரலால் தேடிக் கண்டுபிடித்து, குழிக்குள் குனிந்து பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "வாரும், உம்மடை சின்னம்மா வந்து நிக்கிறா."

உள்ளேயிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்த குரல் தெளிவாக வந்தது.

"எனக்குச் சின்னம்மா இல்லை."

ஆசிரியை நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. "பிள்ளை உங்களைத் தெரியாது எண்டெல்லோ சொல்லுது?"

"தெரியும், மிஸ். திரும்பக் கூப்பிடுங்கோ."

"குஞ்சு, சின்னம்மா வந்திருக்கிறா. வாரும்."

"ஆற்றையோ சின்னம்மா. என்ரை இல்லை."

பின்னால் நின்ற ஒருவர், "கெதியா விடுங்கோ, அடுத்ததைக் கூப்பிடுங்கோ," என்று கத்தினார். தூரத்தில் இரைச்சல் மறுபடி தொடங்கியது. மாமி என்று பாடமாக்கியிருந்தேன். சிறிய தாய் என்று கையெழுத்து வைத்திருந்தேன். சின்னம்மா என்ற இந்த மூன்றாவது பெயரைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆசிரியையை விலக்கிக்கொண்டு குழியின் வாயில் முழங்காலில் இருந்தேன். அந்த முப்பது பேருக்கும் கேட்கத்தக்கதாகக் கத்தினேன்.

"குஞ்சு! மற்றம்மா வந்திருக்கிறன்!"

உடனே வந்தாள். மற்றப் பிள்ளைகளின் கால்களுக்கு மேலால், மண்ணோடு, சீருடை எல்லாம் செம்பாட்டு நிறமாக ஏறி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வாசலில் நின்றவர்கள் தங்கள் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டபடி இருந்தார்கள். அவரவருக்கு அவரவர் பிள்ளை. ஒரு தகப்பன் மட்டும், "மற்றம்மாவோ?" என்று தனக்குள் சொன்னது கேட்டது.

அன்று குண்டுகள் எங்கள் பக்கம் விழவில்லை. திரும்பி வரும்போது, பாதி வழியில், அவள் எங்களைத் தேடி ஓடி வந்துகொண்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடி இருந்தது.

"ரீச்சர் ஆரையோ கூப்பிட்டவ," என்று பிள்ளை தாயிடம் முறைப்பாடு சொன்னாள். "பிறகு மற்றம்மாதான் வந்தவ. ஏன் ரீச்சருக்குப் பேர் தெரியாது?"

"படிச்சவைக்கு எல்லாம் தெரியாது, குஞ்சு," என்றாள் அவள், என்னைப் பார்த்து.

அடுத்த நாள் பிள்ளையை விடப் போனபோது அந்த இளம் ஆசிரியை என்னை நிற்கச் சொன்னார். பதிவுக் கொப்பியைத் திறந்து வைத்திருந்தார். அதிபர் பேனையால் எழுதிய சிறிய தாய் என்பதற்குப் பக்கத்தில் மற்றம்மா என்ற சொல்லை எப்படி எழுதுவது என்று கேட்டார். "ஒரே சொல்லோ, பிரிச்சோ? அடுத்த முறை கெதியாய்க் கூப்பிட வேணுமல்லோ."

"ஒரே சொல்," என்றேன்.

பென்சிலால் எழுதினார். பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்பு. ஒவ்வொரு தையிலும் பழைய கொப்பியைப் பார்த்துப் புதிய கொப்பியில் எல்லாவற்றையும் எழுதுவார்கள். போன தையில் நான் எட்டிப் பார்த்தேன். எழுதியவருக்கு என்ன தோன்றியதோ, இரண்டையும் பேனையாலேயே எழுதியிருந்தார்.